கோபக்காரப் பையனுக்கு யார் பாணி: டைசனா, ஃபிரேசியரா, துரானா, ஹேக்லரா?

"பயலுக்குக் கோவம் ஜாஸ்தி சார். ஸ்கூல்ல தெனமும் பஞ்சாயத்து. இதுல எறக்கிவிட்டா அடங்கும்னு சொன்னாங்க." மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கமானாலும் சரி, மேலூர், திருமங்கலத்தில் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் சின்னக் கூடமானாலும் சரி, குத்துச்சண்டை சொல்லித் தருபவர்கள் காதில் விழுந்து பழகிய பேச்சு இது. பையனைக் கேட்டால் அவனும் பதில் வைத்திருப்பான்: டைசன் மாதிரி அடிக்கணும். 91 விநாடியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தரையில் கிடந்த அந்த 1988 சண்டையைப் போனில் பார்த்திருப்பான்.

அப்பா சொல்வதிலும் பையன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மைக் டைசன், ஜோ ஃபிரேசியர், ரொபெர்ட்டோ துரான், மார்வின் ஹேக்லர் என்று கோபத்தை முதலாக வைத்து உலகப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அத்தனை பேருடைய கோபமும் ஒரே சரக்கு அல்ல. அதைச் செலவழித்த இடமும் ஒன்றல்ல. ஒருவர் முதல் ரவுண்டிலேயே கொட்டினார், ஒருவர் ஓட்டப் பயிற்சியில் கரைத்தார், ஒருவர் எதிராளியின் மண்டைக்குள் ஏற்றினார். யார் வழியில் பையனை வளர்ப்பது என்பதை முதல் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். நிற்கும் நிலை, கை இருக்கும் உயரம், எடை எந்தக் காலில் என்பதெல்லாம் அதற்குள் உடம்பில் ஊறிவிடும். ஊறியதை மாற்றுவது, புதிதாகச் சொல்லித் தருவதைவிடக் கடினம்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லாதது நமக்கு வசதி. ரோசம் வேறு, வெறி வேறு, திமிர் வேறு, வைராக்கியம் வேறு. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாடிவாசலை விட்டு வந்ததும் நேரே பாய்ந்து ஓடிவிடும் காளைக்கும் கோபம்தான். நின்று விளையாடும் காளைக்கும் கோபம்தான். ஆனால் நின்று விளையாடுவது, எவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்த்துத் திரும்புகிறது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அந்த மாட்டுக்குத்தான் பேர்.

முதலில் புள்ளிக் கணக்கு

டைசனும் ஹேக்லரும் ஆடியது 12 ரவுண்டு, 15 ரவுண்டு தொழில்முறைச் சண்டை. நம் பையன் ஏறப்போவது அமெச்சூர் ரிங். 17 வயதிலிருந்து மூன்று நிமிட ரவுண்டு மூன்று. 15, 16 வயதில் இரண்டு நிமிட ரவுண்டு மூன்று. நடுவில் ஒரு நிமிட ஓய்வு. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து நடுவர்கள் ஒவ்வொருவரும் ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 அல்லது அதற்குக் கீழே போடுவார்கள்.

ஒரு நடுவரின் சீட்டை மட்டும் பாருங்கள். பையன் இரண்டு ரவுண்டு ஜெயித்து ஒன்றில் தோற்றால் 29-28. ஆத்திரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்ததற்கு, ரிங்குக்குள் நிற்கும் ரெஃப்ரி ஒரு வார்னிங் கொடுத்தால் ஒரு புள்ளி போய் 28-28. ஜெயித்த சண்டை சமன். இரண்டாவது வார்னிங்கில் 27-28, தோல்வி. மூன்றாவதில் வெளியே அனுப்பிவிடுவார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் பிரான்சின் முராத் அலியெவ் தலையால் முட்டியதாகச் சொல்லி வெளியேற்றப்பட்டார். ரிங் விளிம்பிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார். முடிவு மாறவில்லை.

முடிவு வந்த பிறகு வரும் கோபத்துக்கும் விலை உண்டு. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அரையிறுதித் தீர்ப்பை ஏற்க முடியாமல் இந்திய வீராங்கனை சரிதா தேவி மேடையில் வெண்கலத்தை அணிய மறுத்தார். அவர் பக்கம் நியாயம் இருந்ததாகப் பலர் இன்றும் நினைக்கிறார்கள். கிடைத்தது ஒரு வருடத் தடை. ஆகவே கீழே வரும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோபம் ஆறு அல்லது ஒன்பது நிமிடத்துக்குள், வார்னிங் வாங்காமல், புள்ளியாக மாறுமா?

டைசன்: பயத்தில் பிறந்த வெறி

டைசன் வெறும் ஆத்திரத்தில் அடித்தவர் என்று நினைத்தால் அவரைத் தப்பாகப் படித்திருக்கிறோம். ஹெவிவெயிட்டுக்கு அவர் குள்ளம், 5 அடி 10 அங்குலம். அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாட்டோ அவருக்குக் கொடுத்தது இரண்டு கையுறையையும் கன்ன எலும்போடு ஒட்டி, முழங்கையை விலாவில் அணைத்து, முட்டி மடக்கி, ஏறக்குறைய நேர்முகமாக நிற்கும் நிலை. எதிராளியின் ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) வரும், தலை பக்கவாட்டில் விலகும், விலகிய அதே அசைவில் கால் குறுக்காக உள்ளே நுழையும், ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) கிளம்பும். மெத்தை சுற்றிய பையில் எண் எழுதி, எண்ணைக் கூப்பிட்டால் அதற்குரிய குத்து விழ வேண்டும் என்று பழக்கினார்கள். யோசிக்கும் வேலையை எண்ணுக்குக் கொடுத்துவிட்டதால் வெறி கை கால்களைக் குழப்பவில்லை. பயம் நெருப்பு மாதிரி, அடுப்பில் இருந்தால் சமைக்கும், கூரையில் ஏறினால் எரிக்கும் என்பதுதான் டமாட்டோ திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். 1986 நவம்பரில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து 20 வயதில் உலக சாம்பியனானபோது பார்த்தது அந்த அடுப்பைத்தான்.

அடுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் இந்த வழியின் ஓட்டை இருக்கிறது. டமாட்டோ 1985இலேயே இறந்துவிட்டார். அவர் பாடத்தை விடாமல் நடத்திய கெவின் ரூனியை டைசன் 1988இல் விலக்கினார். 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் முன்னால் நின்றவரிடம் வெறி குறையவில்லை, தலை அசைவு குறைந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டிய குத்துகள் ஒற்றை ஒற்றையாக வந்தன. டக்ளசின் நீளமான ஜாப் நேராக முகத்தில் ஏறியது. வீங்கிய கண்ணை அமுக்க வேண்டிய குளிர்ந்த இரும்புகூட அவர் கார்னரில் (ரவுண்டு இடைவெளியில் உட்காரும் மூலையில்) இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒத்தினார்கள். பத்தாவது ரவுண்டில் விழுந்தார். 1997இல் எதிராளி ஹோலிஃபீல்டின் தலை இடித்துப் புருவம் கிழிந்ததும் மூன்றாவது ரவுண்டில் காதைக் கடித்தது வரை எல்லோருக்கும் தெரியும்.

நம்மூரில் இந்தப் பாணிக்கு ஆகும் செலவைக் கணக்குப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் அதே பயிற்சியாளர் கையில் பேட் மாட்டி நிற்க வேண்டும். கழுத்துக்கும் தொடைக்கும் தனிப் பயிற்சி. கயிற்றில் தொங்கும் சின்னப் பையை ஆட்டிவிட்டு தலையை விலக்குவது தினமும் மூன்று ரவுண்டு. ஒரே ஆள் முப்பது பையன்களை மேய்க்கும் கூடத்தில் இது நடக்காது. நடக்காதபோது பையன் ஹூக்கை மட்டும் எடுத்துக்கொள்வான், தலை அசைவை விட்டுவிடுவான். கன்னத்தில் கை, நேர்முகமாக நிற்பு, அசையாத தலை: ஜாப் அடிப்பவனுக்கு இதைவிடச் சுலபமான இலக்கு கிடைக்காது. இடுப்புக்குக் கீழே குனிந்தால் வார்னிங் வேறு. குள்ளமாக, கட்டையாக, தொடை பலத்தோடு இருக்கிற பையன், மூன்று வருடம் ஒரே பயிற்சியாளரிடம் இருப்பான் என்ற உறுதி, இரண்டும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஃபிரேசியர்: ரோசம்

ஜோ ஃபிரேசியருக்கு ரோசம் வந்த காரணம் உலகத்துக்கே தெரியும். தடையில் இருந்த காலத்தில் உதவிய தன்னையே முகமது அலி ஊர் பார்க்க ஏளனம் செய்தார். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் பதினைந்தாவது ரவுண்டில் அலியைத் தரையில் உட்கார வைத்த இடது ஹூக்கில் அந்த ரோசம் மொத்தமும் இருந்தது. ஆனால் பார்க்க வேண்டியது அந்த ஒரு குத்தை அல்ல. அதற்கு முந்தைய பதினான்கு ரவுண்டும் அவர் தலை எழுந்து தாழ்ந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு தாழ்விலும் மூச்சு வெளியே போனது. ரோசத்தை நுரையீரலுக்குள் வைத்திருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரோசம் நேர்கோட்டில் நடக்கும். அதுதான் அதன் குறை. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு கையாலும் தள்ளி நிறுத்தி, தாழ்ந்து எழும் தலைக்கு, கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டைக் காத்திருக்க வைத்தார். இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழுந்தார் ஃபிரேசியர். 1975 அக்டோபரில் மணிலாவின் வெக்கையில் பதினான்கு ரவுண்டு முடிந்ததும், கண் தெரியாத நிலையில், பயிற்சியாளர் எடி ஃபட்ச் உட்கார வைத்துவிட்டார். ஃபிரேசியர் எழப் பார்த்தார். ஃபட்ச் விடவில்லை. அந்த முடிவை நல்ல பயிற்சியாளருக்கு உதாரணமாக இன்றும் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய பயிற்சியாளர்தான் அதைச் செய்ய முடியும்.

மூன்று ரவுண்டு அமெச்சூருக்கு இந்தப் பாணி கட்டுப்படியாகாது. இரண்டு வாங்கி ஒன்று கொடுப்பவன் பதினைந்து ரவுண்டில் எதிராளியைத் தேய்த்துவிடலாம். ஒன்பது நிமிடத்தில் நடுவர் பார்ப்பது சுத்தமாக விழுந்த குத்தை. வாங்கிய இரண்டும் எதிராளி கணக்கில் ஏறும். மூச்சையும் விலாவுக்கு அடிக்கும் ஹூக்கையும் மட்டும் இவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

துரான்: இளக்காரம்

பனாமாவின் ரொபெர்ட்டோ துரானுடையது வேறு சாதிக் கோபம். எதிராளியை மதிக்காத பார்வை, உதட்டில் ஏளனம், அதற்குக் கீழே மிகச் சுத்தமான கைத்தொழில். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று, தோளால் இடம் பிடித்து, வருகிற குத்தோடு தலையைத் திருப்பி, எதிராளி கையின் உட்பக்கத்திலிருந்து அடிப்பார். ரே ஆர்செல், ஃப்ரெடி பிரவுன் என்ற இரண்டு பழுத்த பயிற்சியாளர்கள் செதுக்கியது அது.

1980 ஜூன் 20, மொன்ட்ரியலில் அவர் செய்த காரியத்தைக் கோபம் பற்றிப் பேசுகிற எவரும் விட முடியாது. சண்டைக்கு முன்பு எதிராளி சுகர் ரே லெனர்டையும் அவர் மனைவியையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். கோபம் லெனர்டுக்கு ஏறியது. வேகமான காலை வைத்துச் சுற்றி வர வேண்டியவர், மல்லுக்கு நின்றார். துரானுக்கு வேண்டியதும் அதுதான். சிறிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தச் சண்டையில் கோபப்பட்டவர் தோற்றவர்தான்!

ஐந்து மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் லெனர்ட் நிற்கவில்லை. ஓடினார், சிரித்தார், வலது கையைச் சக்கரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு இடது ஜாப்பை மூக்கில் வைத்தார். எட்டாவது ரவுண்டில் துரான் போதும் என்று திரும்பிவிட்டார். புள்ளியில் அப்போது அவர் ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. வெற்றிக் கொண்டாட்டத்தில் ஏறிய உடம்பைக் குறுகிய காலத்தில் இறக்கிய களைப்பும் சேர்ந்துகொண்டது உண்மைதான். ஆனாலும் இளக்காரத்துக்கு எதிரே நின்று பதில் சொல்ல ஆள் வேண்டும். ஆள் சிக்காவிட்டால் அந்தக் கோபம் தன்னையே தின்றுவிடும். தொழில் மட்டும் இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் துரானே சாட்சி: 1989இல், 37 வயதில், தன்னைவிட உருவத்தில் பெரிய ஐரன் பார்க்லியை ஜெயித்து மிடில்வெயிட் பட்டம் வாங்கினார்.

அமெச்சூரில் எதிராளிகள் பெரும்பாலும் அடித்துவிட்டு விலகுகிறவர்கள். ஒட்டி நின்றால் ரெஃப்ரி பிரித்துவிடுவார். ஏசினால் வார்னிங். துரான் வழி இரண்டு வருடமாவது அடிப்படை கற்ற பையனுக்கு மேல்படிப்பு. முதல் வகுப்பில் வைக்க முடியாது.

ஹேக்லர்: வைராக்கியம்

மார்வின் ஹேக்லருக்குப் பட்டச் சண்டை கிடைப்பதற்கே ஏறக்குறைய ஐம்பது சண்டை போட வேண்டியிருந்தது. கறுப்பர், இடது கை நிலைக்காரர், நல்ல திறமைசாலி. இந்த மூன்றும் இருப்பவனோடு எவனும் விரும்பி மோத மாட்டான் என்று ஃபிரேசியரே அவரிடம் சொல்லியிருந்தார். 1979இல் விட்டோ அன்டுவோஃபெர்மோவோடு நடந்த பட்டச் சண்டையைச் சமன் என்று அறிவித்தார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தவர் வெறுங்கையோடு இறங்கினார். 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்டரை மூன்றாவது ரவுண்டில் முடித்தபோது கூட்டம் பாட்டில் எறிந்தது. புது சாம்பியனைச் சுற்றிப் போலீஸ் நின்று காப்பாற்றிக் கூட்டிப்போனது. இவ்வளவு எரிச்சலை வயிற்றில் வைத்திருந்தவர் அதை எங்கே செலவழித்தார்? குளிர்காலத்தில் ஆள் இல்லாத கடற்கரை ஊரான ப்ராவின்ஸ்டவுனில் அடைந்துகொண்டு, அதற்குச் சிறை என்று பேர் வைத்து, கனமான பூட்ஸ் மாட்டி ஓடினார். பெட்ரோனெல்லி சகோதரர்களைத் தவிர வேறு பயிற்சியாளரிடம் போகவில்லை. ரிங்குக்கு வரும்போது கோபத்தின் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

1985 ஏப்ரல் 15, லாஸ் வேகஸில் டாமி ஹேர்ன்ஸோடு மோதிய எட்டு நிமிடத்தைப் பையன்கள் வெறிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். முதல் ரவுண்டு அப்படித்தான் தெரியும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஹேர்ன்ஸ் உயரம், கை நீளம், வலது கை இடி. தூரத்தில் நின்றால் சாவு, உள்ளே போனால் பிழைப்பு என்பது கணக்கு. அதனால்தான் அந்த வேகம். நெற்றி பிளந்து இரத்தம் ஒழுக, மூன்றாவது ரவுண்டில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். இன்னொருவனாக இருந்தால் அந்த இடத்தில் பதறிக் கண்டபடி வீசியிருப்பான். ஹேக்லர் டாக்டர் விட்டதும் போய், குறி பார்த்த வலது கையால் அதே ரவுண்டில் முடித்தார்.

ஆனாலும் இவரையும் அப்படியே பிரதி எடுக்க முடியாது. 1987 ஏப்ரலில் லெனர்டுக்கு எதிராக, இடது கை நிலையை விட்டு வலது கை நிலையில் தொடங்கி முதல் சில ரவுண்டுகளைக் கைவிட்டார். பிந்தித் துரத்தியும் நடுவர்களில் இருவர் லெனர்ட் பக்கம் போனார்கள். 12 ரவுண்டில் மூன்றைக் கொடுத்தால் கால்வாசி. நம் பையன் ஒன்றைக் கொடுத்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பொறுமையைப் பயிற்சியில் வையுங்கள். மணி அடித்த முதல் 20 விநாடியில் ஜாப் போய்ச் சேர வேண்டும்.

பக்கத்தில் வைக்கவே கூடாதவர்கள்

போலந்தின் ஆன்ட்ரூ கொலோட்டா 1996இல் ஒரே வருடத்தில் ரிடிக் போவை இரண்டு முறை சந்தித்தார். இரண்டிலும் புள்ளியில் முன்னால் இருந்தார். இரண்டிலும் இடுப்புக்குக் கீழே திரும்பத் திரும்ப அடித்து வெளியேற்றப்பட்டார். ஜெயிக்கிறபோதே பதறுகிற இந்த வகை கூடத்தில் எளிதில் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் பையன் நன்றாக ஆடிக்கொண்டிருப்பான். ஜேக் லமோட்டா வாங்குவதையே வீரமாக வைத்திருந்தவர். சுகர் ரே ராபின்சனிடம் ஆறு சண்டையில் ஒன்றை ஜெயித்தார், ஐந்தில் தோற்றார். கீழே விழவில்லை என்ற பெருமைக்குப் புள்ளி கிடையாது.

1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் நடந்ததை அப்பாக்களுக்குச் சொல்லியாக வேண்டும். எடை பார்க்கும் இடத்தில் பென்னி பாரெட் இழிவாக ஏசியதில் எமில் கிரிஃபித் கொதித்துப்போயிருந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் மூலையில் கயிற்றில் சிக்கிச் சரிந்த பாரெட் மேல் குத்து மழையாக விழுந்தது; ரெஃப்ரி நிறுத்தத் தாமதமானது. பத்து நாள் கழித்து பாரெட் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் அவர் கடுமையாக அடி வாங்கியிருந்தார். "கோவத்த அவன் மேல காட்டுடா" என்று கார்னரிலிருந்து கத்துகிற வழக்கத்தை விடுவதற்கு இது போதும். தலையில் வாங்கி நிறுத்தப்பட்ட பையனுக்கு அமெச்சூர் விதியே குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் (கூடத்தில் நடக்கும் பயிற்சி மோதல்) கூடாது என்கிறது. நினைவு தப்பியிருந்தால் இன்னும் அதிகம். டாக்டர் சொல்லாமல் ரிங் பக்கமே விடக்கூடாது.

பையன் எந்த வகை என்று கண்டுபிடிக்க

பெண்பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான். குறைந்தது இரண்டு மாதம் அடிப்படை முடிந்த பிறகு செய்யுங்கள். 16 அவுன்ஸ் கையுறை, ஹெட்கார்டு, கம்ஷீல்டு (பல் கவசம்). எதிரே நிதானமான சீனியர் ஒருவர். இரண்டு நிமிட ரவுண்டு மூன்று. முதல் ரவுண்டு இருவரும் லேசாக ஆடட்டும். இரண்டாவதில் சீனியர் ஜாப் மட்டும், மெதுவாக, ஆனால் சுத்தமாகப் போட வேண்டும். மூன்றாவதில் சீனியர் அடிக்கவே கூடாது, விலகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று, ஒவ்வொரு ஜாப் விழுந்த பிறகும் வருகிற ஐந்து விநாடியில் பையன் எத்தனை வீசினான், எத்தனை பட்டது, மூச்சை அடைத்தானா என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது ரவுண்டில் எட்டு, பத்து என்று வீசி ஒன்றிரண்டு மட்டும் பட்டால் பயத்தில் வந்த வெறி, டைசன் ரகம். வாங்கிக்கொண்டே நேராக நடந்தால் ஃபிரேசியர். இரண்டாவதில் நன்றாக ஆடிவிட்டு, மூன்றாவதில் ஆள் சிக்காமல் கையைத் தொங்கப்போட்டு முறைத்தால் துரான். ஜாப் விழ விழ அமைதியாகி, பதிலுக்கு ஜாப் போடத் தொடங்கினால் ஹேக்லர். அவனை ஒன்றும் கெடுத்துவிடாதீர்கள். "ஸ்டாப்" சொன்ன பிறகும் ஒன்று வைத்தால் கொலோட்டா. அவனுக்குப் போட்டியே ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

எங்கிருந்து வந்தான் என்பதும் கணக்கில் வரும். மதுரை சுற்றுவட்டாரத்தில் கபடி ஆடாத பையன் குறைவு. கபடிக்காரன் தலை தாழ்த்திப் பாய்வான், கட்டிப் பிடிப்பான். இரண்டுக்கும் வார்னிங் உண்டு. ஆனால் அவனிடம் ஒரு சொத்து இருக்கிறது. பாடிக்கொண்டே ஏறிப்போய்ப் பழகியதால் வேலை செய்யும்போது மூச்சை வெளியே விடத் தெரிந்தவன். கோபத்தில் ஒரே நிமிடத்தில் தோள் கல்லாகிப் போவதற்குப் பெரிய காரணம் மூச்சை அடைப்பதுதான். பையில் அடிக்கும்போது ஒவ்வொரு குத்துக்கும் "கப்" என்று சத்தம் விடச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். சிலம்பத்திலிருந்து வருபவனுக்குக் கால் நன்றாக வரும், காலடி மட்டும் அகலம்; ஒரு சாண் குறைத்தால் போதும்.

எங்கள் தீர்ப்பு

சோதனையில் எந்த ரகமாக வந்தாலும் தொடக்கப் பாதை ஹேக்லருடையதாக இருக்கட்டும். இடது கை நிலையைச் சொல்லவில்லை. வலது கைக்காரனை மாற்றினால் ஒரு வருடம் வீண். கோபத்தைப் பயிற்சியில் செலவழித்து ரிங்கில் மிச்சம் பிடிக்கும் முறையைச் சொல்கிறோம். இதற்கு அதிசயப் பயிற்சியாளர் தேவையில்லை. தொடர்ந்து வருகிற பையன் போதும். ஒரு வருடம் கழித்துக் கட்டையான உடம்பு, உடன் நிற்கும் பயிற்சியாளர் என்று அமைந்தால் டைசன் பக்கம் திருப்பலாம். இரண்டு வருட அடிப்படைக்குப் பிறகு கை நுணுக்கம் தெரிந்தால் துரான் பக்கம். உயரமாக ஒல்லியாக இருப்பவனுக்கு இந்த நால்வருமே சரிப்படாது. அவனுக்கு நீள ஜாப்பும் பின்காலும்தான் சோறு போடும், அது தனிக் கதை.

முதல் மாதம் எதிராளியோடு மோதலே வேண்டாம். காலை ஐந்தரைக்கு 4 கிலோமீட்டர் ஓட்டம், மூன்று ரவுண்டு ஸ்கிப்பிங், இரண்டு ரவுண்டு ஷேடோ (காற்றில் குத்துவது), இரண்டு பை, இரண்டு பேட். பேட் ரவுண்டின் கடைசி 30 விநாடி முழு வேகத்தில் அடிக்கவிட்டு, மூச்சு வாங்கும்போதே "மூணு ஜாப்" என்று சொல்லுங்கள். மூன்று அடித்து இடது பக்கம் நகர வேண்டும். நான்காவது விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கோபக்காரப் பையனுக்கு நான்காவது தானாகக் கிளம்பும். அது கிளம்பாத நாளிலிருந்துதான் பயிற்சி தொடங்கியது என்று கொள்ளலாம். இரண்டாவது மாதம் வாரம் ஒரு முறை ஜாப் மட்டும் வைத்து ஸ்பாரிங், மாதக் கடைசியில் மேலே சொன்ன சோதனை. மூன்றாவது மாதம் சீண்டலைச் சேர்க்க வேண்டும். மணி அடித்த பிறகு சீனியர் தோளில் ஒரு தட்டு தட்டுவார். பையன் திரும்பிப் பார்க்காமல் கார்னருக்கு நடக்க வேண்டும். முகத்தில் சிரித்துக் காட்டுவார், கட்டிப் பிடித்து இழுப்பார். பையன் ரெஃப்ரி "பிரேக்" சொன்னதும் ஒரு காலடி பின்னால் போய், பிறகுதான் அடிக்க வேண்டும். பலமான ஸ்பாரிங் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எந்த மாதத்திலும் கூடாது.

மதுரை வெயிலைச் சேர்க்காமல் எந்தத் திட்டமும் நிற்காது. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே மாலை நான்கு மணிப் பயிற்சி என்பது பையனைச் சும்மா எரிச்சலாக்கும் வழி. முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் லிட்டருக்குக் குறையாமல், கொஞ்சம் கொஞ்சமாக, உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ உள்ளே போக வேண்டும். எடைப் பிரிவுக்காகத் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் கோபக்காரர்களிடம் இரட்டிப்பாகக் கெடுக்கும்; காய்ந்த உடம்பில் பொறுமை நிற்காது. எடை பார்த்து முடித்ததும் நேரே ஜிகர்தண்டா கடைக்கு ஓடுவதும் வேண்டாம். அது சண்டை முடிந்த பிறகு.

கார்னரில் ஒரு நிமிடம் என்பது உண்மையில் 40 விநாடிதான், உட்காரவும் எழவும் மீதி போய்விடும். முதல் 15 விநாடி பேசவே கூடாது. கம்ஷீல்டை எடுத்து, கால் நீட்டி உட்கார வைத்து, மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடும் மூச்சு மூன்று. பிறகு ஒரு வாய் தண்ணீர். அதற்குப் பிறகு ஒரே ஒரு கட்டளை, கை கால் செய்யக்கூடியதாக: "ஜாப் போட்டு எடது பக்கம் போ." "கோவப்படாத" என்பது கட்டளை ஆகாது, அதைக் கேட்டு எந்தப் பையனும் இதுவரை எதையும் செய்ததில்லை.

அப்பாவைக் கார்னருக்கு எதிர்ப்புறம், பையன் உட்காரும்போது முகம் தெரியாத தூரத்தில் உட்கார வையுங்கள். "விடாதடா, அடிடா" என்ற குரல் ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் பையன் காதுக்குத் தனியாகக் கேட்கும். சண்டைக்கு முதல் நாளே அவரிடம் கத்த வேண்டிய வார்த்தையைக் கொடுத்துவிடுவது நல்லது. "ஜாப்" என்று மட்டும்.